மெட்டி போட்ட எலும்புக்கூடு

போன் அலறியது!

கும்மிடிப்பூண்டி சிப்காட். கம்பி உருக்கும் ஆலை ஒன்றின் முதலுதவி அறை. காலை பத்தே கால்.

விக்டோரியா ஒரு தொழிலாளியின் முழங்கைத் தீக்காயத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அவன் துடித்துக்கொண்டிருந்தான்.

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஐம்பத்திரண்டு வயது. பத்து வருஷமாகவே அந்த முகம் அப்படித்தான்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"விக்டோரியா நர்ஸ்தானே? இன்ஸ்பெக்டர் அன்புசெல்வன் பேசறேன். நிழலகம் மனநல ஆஸ்பத்திரியில வேலை பார்த்தீங்களா?"

"ஆமா சார். மூடி ரொம்ப வருசம் ஆச்சே."

"இப்ப இடிக்கிறாங்க. பின்னால இருக்கிற தண்ணி சம்ப்புல ஒரு எலும்புக்கூடு கிடைச்சிருக்கு."

அவள் காயத்தின் மேல் துணிக்கட்டைச் சுற்றத் தொடங்கினாள்.

"லைன்ல இருக்கீங்களா? மண்டையோட்டை ரம்பத்தால அறுத்திருக்காங்க! கை கால் எலும்பெல்லாம் ஓட்டை… ஆணி அடிச்ச மாதிரி! சித்திரவதைம்மா!"

"யாருது சார்?"

"ஏழாம் நம்பர் கட்டில். கோவிந்தம்மா."

அவள் கை நின்றது.

ஒரே ஒரு கணம்… அவ்வளவுதான். பிறகு மிச்சக் கட்டையும் சுற்றி, முடிச்சுப் போட்டு, கத்தரித்தாள்.

"வரேன் சார்."

ஆரம்பாக்கம் போகும் வழியில், ஒரு பக்கம் நெல் வயல், மறு பக்கம் தொழிற்சாலை மதில். நடுவில் நிழலகம். பாதி இடிந்த முகப்பில் ஜேசிபி வாயைப் பிளந்தபடி நின்றது. கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம் செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவிலிருந்து அவள் இறங்கியதுதான் தாமதம்…

"என் பொண்டாட்டிய கொன்னுட்டியேடீ…!"

அழுக்கு லுங்கியும் முண்டாசுமாக ஒருவன் பாய்ந்து வந்தான். மணவாளன். கோவிந்தம்மாவின் புருஷன். இடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரியும் அவன்தான். அன்புசெல்வன் குறுக்கே புகுந்து அவனைத் தள்ளினார்.

"ஏய், தள்ளி நில்லு! விசாரிக்க நான் இருக்கேன்."

"அவ மெட்டி சார்! கால் எலும்புல மாட்டிகினுகீது! என் கையால போட்ட மெட்டி!"

மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் விக்டோரியாவை உள்ளே நடத்திப் போனார்.

"நேராவே சொல்லிடறேன். டாக்டர் செத்துட்டார். மத்த ஸ்டாஃப் எங்கேன்னே தெரியல. கோவிந்தம்மா காணாமப்போன அன்னிக்கு டியூட்டில இருந்தது நீங்க ஒருத்தர்தான். ரெஜிஸ்டர்ல 'தப்பி ஓடிவிட்டாள்'னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப கொலைக் கேஸ்ல நீங்கதான் முதல் குற்றவாளி. புரியுதா?"

"புரியுது சார்."

அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்த இன்ஸ்பெக்டருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

பெண்கள் வார்டு. துருப்பிடித்த கிரில் கதவு. கூரையில் புறா. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், மெத்தை இல்லாமல்.

"யார் யாரும்மா இருந்தாங்க?"

"ஒண்ணு, ஞானம்மா. துண்டைச் சுருட்டி மடில வெச்சிகினு தாலாட்டுவா. தோய்க்கறதுக்கு வாங்கினா புள்ளைய புடுங்கிட்டேன்னு அழுவா. அதான் இன்னொரு துண்டு குடுத்தேன். ரெட்டப் புள்ளைன்னு ஒரே சந்தோசம் அவளுக்கு."

மளிகைச் சீட்டு வாசிக்கிற குரல்.

"நாலு, சோனியா. ரயில் சத்தம் கேட்டா ஜன்னலாண்ட ஓடுவா. அண்ணன் கூடூர் வண்டில வரான்னு சொல்லுவா. வரல… ஒம்போது, பிரேமா. டீச்சரா இருந்தவ. செங்கல்லால செவுத்துல வாய்ப்பாடு எழுதுவா. அதோ…"

சுவரில் இன்னும் இருந்தது. பதிமூன்றாம் வாய்ப்பாடு. ஒரு தப்பு இல்லை.

"இவங்கெல்லாம் இப்ப எங்கே?"

"மூடுனப்ப மெட்ராஸுக்கு அனுப்புனாங்க. நான் போய்ப் பாக்கல."

"ஏழாம் நம்பர்?"

விக்டோரியா அந்தக் கட்டிலின் துருவை விரலால் தொட்டாள்.

"கோவிந்தம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல சார்."

"என்ன ஒண்ணுமே இல்ல?"

"வியாதியே இல்ல. பழவேற்காடு பக்கம் மீன்காரக் குடும்பம். புருசன் கூட்டியாந்து தள்ளிட்டுப் போயிட்டான். 'அக்கா, நான் நல்லாதான் கீறேன்'னு தெனமும் சொல்லுவா. இங்க எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க. ஆனா ஒரே வாரத்துல எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சு?"

"எட்டு மாசம் ஊசி போட்டேன்."

"தெரிஞ்சேவா?!"

"டாக்டர் எழுதுனாரு… போட்டேன். மொதல்ல ஊட்டுக்குப் போய் அழுவேன். அப்பறம் அழல. அப்பறம் எதுக்குமே அழல."

புறா சிறகடித்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு என்னதான் நடந்தது?"

"டிசம்பர் வெள்ளம் சார். வார்டுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி. டாக்டர் சாவிய எடுத்துகினு மெட்ராஸ் போயிட்டாரு. அம்மிக் குழவியால பூட்ட ஒடச்சேன். பதினோரு பேர மொட்ட மாடிக்கு ஏத்தினேன். கோவிந்தம்மாவ மட்டும் பின்கதவாண்ட இட்டுகினு போனேன். 'போயிடு, திரும்பிப் பாக்காத'ன்னேன். தண்ணில எறங்கி தண்டவாளம் பக்கமா போனா. மழைல தெரியல."

"அவ்வளவுதானா?"

"சம்ப்பு அந்தப் பின்கதவாண்டதான் சார் கீது. அன்னிக்கு மூடி இல்ல. மறுநாள்தான் அது ஞாபகம் வந்துச்சி, அதுக்குள்ள சேறு மூடிகிச்சி. பத்து வருசமா யோசிச்சிகினே கீறேன்… நான் தொறந்து உட்டது வாசலா, குழியான்னு."

அன்புசெல்வன் தொப்பியை மாட்டிக்கொண்டார். பின்பக்கம் நடந்தார்.

வறண்ட சம்ப்பு. பக்கத்தில் நீல நிறத் தார்ப்பாய். அதன் மேல் சேறு அப்பிய எலும்புகள். தடயவியல் வண்டி இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு கால் விரல் எலும்பில் மினுமினுத்தது… வெள்ளி மெட்டி!

விக்டோரியா குந்தி உட்கார்ந்தாள். மெட்டியை உற்றுப் பார்த்தாள். மீன் செதுக்கிய மெட்டி.

"இது அவளுதுதான் சார்."

"நான்தான் சொன்னேனே!" மணவாளன் பின்னாலிருந்து கத்தினான்.

"ஆனா இது இங்க இருக்க முடியாது."

"என்னது?!"

"அட்மிஷன் அன்னிக்கே மெட்டி, வளையல், ஊக்கு எல்லாத்தையும் கழட்டிடுவோம் சார். முழுங்கிடுவாங்கன்னு பயம். ஊட்டுக்காரங்க கைல குடுத்து கையெழுத்து வாங்குவோம். இந்த மெட்டிய நான்தான் கழட்டினேன். இவன் கைலதான் குடுத்தேன்."

மணவாளனின் ஒப்பாரி, கரண்ட் போன மைக்செட் போல நின்றது.

"பொ… பொய் சார்!"

விக்டோரியா யாரையும் கேட்காமல் மண்டையோட்டைக் கையில் எடுத்தாள். சேற்றைத் துடைத்தாள். அறுபட்ட விளிம்பு… வழுவழுவென்று, அளவு வைத்து அறுத்தாற்போல. இரண்டு பக்கமும் சின்னத் திருகாணி ஓட்டைகள்.

அப்போது அங்கே ஒருவரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

அவள் சிரித்தாள்!

"கான்ஸ்டபிள், இந்தம்மாவைப் பிடிங்க!"

"சார்… சார்… இது கோவிந்தம்மா இல்ல. இது மோகன்ராஜு!"

"யாரு அந்த மோகன்ராஜ்? இன்னொரு பேஷன்ட்டா?"

"பாடம் நடத்தற எலும்புக்கூடு சார்! மாடில நர்ஸிங் பசங்களுக்கு கிளாஸ் எடுப்பேன். மூளை எங்க இருக்கும்னு காட்ட மண்டைய அறுத்து கொக்கி மாட்டிருப்பாங்க. இந்த ஓட்டையெல்லாம் கம்பி கோத்து தொங்க விடறதுக்கு. மோகன்ராஜுன்னு பசங்கதான் பேர் வெச்சாங்க… ஆம்பள சார் இது!"

கான்ஸ்டபிள் மாடிக்கு ஓடினார். இரண்டே நிமிஷத்தில் திரும்பினார்.

"சார்! கண்ணாடி அலமாரி காலி. கீழே கம்பி, கொக்கி எல்லாம் கழட்டிப் போட்டிருக்கு. கூடவே இதுவும்!"

ஒரு கட்டிங் பிளேயர். திருடு போகாமலிருக்க மேஸ்திரிகள் செய்வதுபோல, பிடியில் சிவப்புப் பெயின்ட்டால் எழுத்து… 'மணவாளன்'.

பளார்!

மேஸ்திரியின் முண்டாசு தனியாகப் போய் விழுந்தது.

"சொல்லுடா!"

"நெலம் அவ பேர்ல கீது சார்… குடோன் கட்ட கேக்கறாங்க. அவ கையெழுத்து இல்லன்னா சாவு சர்ட்டிபிகேட்டு வேணும்ன்றாங்க…"

"ஏழு வருஷம் காணலன்னா கோர்ட்லயே எழுதித் தருவாங்களேடா!"

"வக்கீலு ரெண்டு வருசம் இழுக்கும்னான் சார். குடோன்காரன் இந்த மாசமே முடின்றான்…"

"அதுக்காக ஆம்பளைக்கு மெட்டி போடுவியா? ஏத்துங்க ஜீப்ல!"

விக்டோரியா சம்ப்பின் விளிம்பில் உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது.

இந்த எலும்பு அவளுடையது இல்லை. அப்படியென்றால் அவள் எங்கே? இந்தச் சம்ப்பு இல்லாவிட்டால் வேறொரு குழி. வேறொரு வாய்க்கால். பத்து வருஷத்துக் கேள்வி அப்படியே இருந்தது. வலிக்கவில்லை. மரத்துப்போன இடத்தில் எது வலிக்கும்?

டுர்ர்ர்…!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஸ்கூட்டி உள்ளே வந்தது. ஆந்திரா நம்பர் பிளேட். நாற்பது வயதுப் பெண். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை.

"வாட்ஸ்அப்ல என் போட்டோவப் போட்டு, என் எலும்புன்னு செய்தி ஓடிகினுகீது. இன்னா சார் இது, இவ்ளோ பேஜாரு?"

ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்த மணவாளன் திரும்பினான்.

"பே… பேய்…!"

அப்படியே மல்லாந்தான். ஒருவரும் அவனைத் தூக்கவில்லை.

"கோவிந்தம்மாவா?!" என்றார் அன்புசெல்வன்.

"ஆமா சார். தடாவுல ஷூ கம்பெனில கீறேன். ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன்தான். இந்தப் பக்கம் வந்தா மறுபடி உள்ள போட்டுடுவான்னு பத்து வருசமா எல்லைய தாண்டல."

அவள் பார்வை சம்ப்பின் பக்கம் போனது. நின்றது.

மெதுவாக வந்து விக்டோரியாவின் எதிரே நின்றாள்.

"அக்கா."

விக்டோரியா நிமிர்ந்தாள்.

"அந்த எட்டு மாசத்த மறக்கலக்கா."

கோவிந்தம்மா இன்னும் ஓர் அடி நெருங்கினாள்.

"நீ கதவு தொறந்ததையும் மறக்கல."

விக்டோரியா குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். யாருடைய கையோபோல அது மடியில் கிடந்தது. லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நாளாயிற்று அது நடுங்கி! அதை நிறுத்த அவள் முயலவில்லை.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"கோவிந்தம்மா, இந்தாள் மேல ஒரு புகார் எழுதிக் குடும்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"குடுக்கறேன் சார். அதுக்கு மின்னாடி, நான் உசுரோடதான் கீறேன்னு சீல் குத்தி ஒரு பேப்பர் குடுங்க."

"அது எதுக்கு?"

கோவிந்தம்மா மண்ணில் கிடந்த புருஷனைக் காலிலிருந்து தலைவரைக்கும் ஒரு முறை பார்த்தாள்.

"டைவர்ஸ் கேக்கணும்… செத்தவளுக்கு கோர்ட்ல தர மாட்டாங்களே!"