ஷிப்ட் முடியறதுக்குள்ளே...

"அய்யோ... என் சங்கிலி!"

காலை ஒன்பதரை மணிக்கு, பட்டப்பகலில், வாலாஜாபாத் சாலையில் காமாட்சியம்மாள் அலறினாள்.

கறுப்பு ஹெல்மெட். ஒரே இழுப்பு. சங்கிலி பைக்கோடு பறந்துவிட்டது. காமாட்சியம்மாள் தார் ரோட்டில். இடது மணிக்கட்டு முறிந்து தொங்கியது.

ஆனால் கண்ணில் கோளாறு இல்லை. பைக் நம்பரை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள்!

பதினோரு மணிக்குள் அந்த நம்பருக்குச் சொந்தக்காரன் திருமலை ஒரகடம் ஸ்டேஷனில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில், லைனில் நின்றவனை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தார் இன்ஸ்பெக்டர் குமாரவேல்.

"சார், ஒரு சின்ன டவுட்டு..." என்றாள் சப்-இன்ஸ்பெக்டர் கலைமதி. "இவன் ஆறு மணிக்குப் பஞ்ச் வச்சிருக்கான். ஒம்பதரைக்கு போல்ட்டு முடுக்கிக்கினு இருந்தான். கேமராலயே கீது."

"நடுவுல சுவர் ஏறிக் குதிச்சிருப்பாம்மா."

"பன்னண்டு அடி சுவரு சார்."

"பிராக்டீஸ் பண்ணியிருப்பான்!"

குமாரவேலின் அவசரம் அவருக்கு. நாளை மத்தியானம் டி.எஸ்.பி. முன்னால் குற்ற ஆய்வுக் கூட்டம். காலை பத்து மணிக்குள் இவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினால், கேஸ் முடிந்தது. கைதட்டல் நிச்சயம்!

திருமலை கலைமதியின் பக்கம் திரும்பினான்.

"மேடம், நான் எடுக்கல மேடம். ஒரகடம் ஸ்டாப்பிங்ல வண்டியப் போட்டுட்டு கம்பெனி பஸ் ஏறிட்டேன். ரிமாண்டுன்னு தெரிஞ்சா சூப்பர்வைசர் கேட்டுக்குள்ளயே வுடமாட்டாரு..."

"வண்டி இப்ப எங்க?"

"போட்ட எடத்துலதான் மேடம் இருக்கும்."

கலைமதி கிளம்பினாள்.

புளியமர நிழலில் நாற்பது பைக்குகள். காலையில் விட்டுப் போன தொழிலாளிகள் மூன்று மணிக்குத்தான் திரும்புவார்கள். திருமலையின் பைக்கும் சமர்த்தாக நின்றிருந்தது.

என்ஜினைத் தொட்டாள்.

சுரீர்!

விடியற்காலையிலிருந்து நிழலில் நிற்கிற வண்டி... சுடுகிறது!

அடப்பாவி...! பைக்கை எடுக்கிறான். சங்கிலியை அறுக்கிறான். ஷிப்ட் முடிவதற்குள் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். 'வண்டியைக் காணோம்' என்று ஒரு புகாரும் வராது. நம்பரைப் பார்த்தால் மாட்டுவது அப்பாவி!

"கதை நல்லா கீதும்மா," என்றார் குமாரவேல். "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம். அப்புறம் இவன் உள்ள."

மறுநாள் காலை ஏழு மணிக்கே, சுடிதாரில், புளியமரத்தடிக் கூழ் வண்டியருகே கலைமதி உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு... எட்டரை... மூன்று சொம்பு கூழ் உள்ளே போனதுதான் மிச்சம். ஒருத்தனும் வரவில்லை.

ஒன்பது மணிக்குக் கம்பெனி யூனிபாரத்தில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் ஐடி கார்டு.

"டைம் இன்னாக்கா?"

"ஒம்போது."

அவள் சிரித்துவிட்டு ஒரு சிவப்பு பைக்கில் சாவியை நுழைத்தாள். கலைமதியின் கண்கள் ரோட்டுக்குத் திரும்பின. அவள் தேடியது ஓர் ஆணை!

பையிலிருந்து ஹெல்மெட் வெளியே வந்தது.

கறுப்பு...!

கலைமதி பாய்ந்தாள். பைக் சீறியது. பின் கம்பியைப் பிடித்தவளைப் பத்தடி தூரம் இழுத்துப் போனது. முழங்கால் கிழிந்தது. விடவில்லை! எட்டி ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கினாள்.

பைக் இருமிவிட்டுச் செத்தது.

"யாரு வண்டிடீ இது?"

"ஃப்ரெண்டோடது."

"ஃப்ரெண்டு பேரு?"

கலைமதி அவள் பையைக் கவிழ்த்தாள். எந்த வண்டிக்கும் நுழையும் தேய்ந்த சாவிகள் ஒரு கொத்து. கைக்குட்டையில் சுருண்டு... காமாட்சியம்மாளின் சங்கிலி!

பெயர் ஜோதி. எட்டு மாதம் முன்பு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள். யூனிபாரத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

"நீங்க ஆம்பளையவே தேடிக்கினு இருந்தீங்க மேடம். நான் நிம்மதியா ஓட்டிக்கினு இருந்தேன்!"

ஒன்பது ஐம்பதுக்குத் திருமலை வெளியே வந்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்புட நேரமில்ல. செகண்ட் ஷிப்டுக்கு ஓடு. தப்பு எங்க மேலதான்னு சூப்பர்வைசருக்கு நான் போன் போட்டுட்டேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினான். கலைமதிக்கு முழங்கால் வலி பாதி குறைந்தது.

குமாரவேலுக்கு வாயெல்லாம் பல். "சபாஷ்! எழுதும்மா. நம்ம ஸ்டேஷன்ல பதிவானது மொத்தம் நாலு சங்கிலி."

"பதினொண்ணு சார்," என்றாள் ஜோதி.

"நாலுதான்!"

"அறுத்த எனக்குத் தெரியாதா சார்?"

குமாரவேல் முகம் வெளுத்தது. மிச்ச ஏழு பெண்களும் இதே ஸ்டேஷனுக்கு அழுதுகொண்டே வந்தவர்கள்தான். 'எங்கயாவது வுழுந்திருக்கும், தேடிப் பாரும்மா' என்று திருப்பி அனுப்பியவர் சாட்சாத் குமாரவேலேதான்!

"அதெல்லாம் தொலைஞ்சு போன நகைங்க!"

"தொலையல சார்! எங்கம்மா சத்தியமா நான்தான் அறுத்தேன்!"

கலைமதி அமைதியாகப் பேனாவைத் திறந்தாள். "ஏழுக்கும் எஃப்.ஐ.ஆர். போட்டுடறேன் சார்."

"மத்தியானம் மீட்டிங் கீதும்மா...!"

ஜோதி தலையாட்டினாள்.

"அறுத்தது பதினொண்ணும் நான்தான் மேடம். ஆனா ஏழு கேஸை அமுக்குனது சாரு. வேன்ல கொஞ்சம் நவுந்து உக்கார்றேன்... அவரையும் ஏத்துங்க!"