தவமணி சொல்லாத வாக்கு

காலை ஏழேகாலுக்குத் தவமணி பட்டறைக் கதவைத் திறந்து, சுவரிலிருந்த கண்ணாடித் திரையில் கட்டைவிரலை அழுத்தினாள். ‘இன்றைய துணைக்குரலுக்குச் சம்மதம்’ என்ற எழுத்து பச்சையாக மின்னி மறைந்தது. அடுத்த அரைமணி நேரம் அவளுக்கு அங்கே வேலையில்லை. பேச வேண்டியதை அவளுடைய குரல் பேசிக்கொள்ளும்.

ஈரோட்டில் பத்துப் பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் எல்லாப் பட்டறைகளிலும் இதுதான் வழக்கம். நான்கு வருடங்களுக்கு முன் சிறுதொழில்கள் வரிசையாகப் படுத்து, இருந்த தொழிலாளர்களும் மனம் விட்டுப்போனபோது ஊக்கச் சட்டம் வந்தது. வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் காதில் ஒரு சின்னக் காதுமணியைச் செருகிக்கொள்வார்கள். முதலாளியின் குரலில் எந்திரம் அவரவர் கவலையைக் கேட்டு, அவரவருக்குத் தகுந்த தெம்பைச் சொல்லும். அந்தப் பேச்சு தொழிலாளியின் அந்தரங்கம். முதலாளி அதைக் கேட்க வழியில்லை.

தவமணிக்கு அது பெரிய நிம்மதி. ஆறுதல் சொல்ல அவளுக்கு எப்போதுமே நாக்கு எழாது.

இன்று மட்டும் அந்த நிம்மதி இல்லை. வெயிலில் வேலை செய்கிறவர்கள் உடுத்தும் குளிர்ச்சட்டைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை அவளுடையது. மாசியில் பிடித்த மழை வைகாசியாகியும் விடவில்லை. ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிட்டது. இங்கே மூன்று மாதமாக ஒரு சட்டைகூட வரவில்லை. துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு மூடிவிடுவதென்று முந்தாநாள் முடிவெடுத்திருந்தாள். மிச்சமிருந்த இருவரிடமும் இன்று சொல்லியாக வேண்டும்.

இத்ரீஸ் காதுமணியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, சிரித்த முகமாக வந்தான். சட்டைக்குள் ஓடும் குழாயில் ஊசிமுனை ஓட்டையையும் விரலால் தடவியே கண்டுபிடிப்பவன்; ஆறு வருடமாக அவளிடம் இருக்கிறான்.

“அக்கா, பெருந்துறைக்காரருக்கு நேத்தே போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேனுங்க.”

“எந்தப் பெருந்துறைக்காரரு?”

“வேலைக்குக் கூப்பிட்டாரே, அவருதானுங்க. நீங்கதானே சொன்னீங்க, ஆடி வரைக்கும் பொறுத்துக்க இத்ரீஸு, உன்னைய உட்டுட்டு நான் கடையை மூடமாட்டேன்னு.”

“அது நான் சொல்லலை இத்ரீஸு. எந்திரம் சொன்னது.”

“எந்திரம்னு தெரியாதுங்களா? உங்க மனசுல இல்லாததையா அது பேசிரும்?”

பின்னாலிருந்து பாப்பாத்தி எழுந்து வந்தாள். மூவரில் மூத்தவள் அவள்தான். “என்கிட்டயும் அதேதான் சொல்லுச்சு கண்ணு. அதை நம்பித்தான் மவன் கூப்பிட்டும் ஓசூருக்குப் போகாம இருக்கறேன்.”

தவமணி திரையைப் பார்த்தாள். முடிவை அதில் பதிந்துவிட்டால் போதும். நாளைக் காலை அந்தக் குரலே பக்குவமாகச் சொல்லிவிடும். அவளைவிட நன்றாகவே சொல்லும். கை பாதி தூரம் போய் நின்றது.

“வெள்ளிக்கிழமையோட பட்டறையை மூடறேன்,” என்றாள்.

பாப்பாத்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்ரீஸ் சுவரிலிருந்த திரையைக் காட்டினான்.

“அதுகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்லை. யாருகிட்டயும் சொல்லலை.”

“அப்ப அது தெரியாமத்தான் சொல்லியிருக்குது. பாவம்.”

தவமணி அப்போதே பெருந்துறைக்குப் போன் செய்தாள். “நேத்துச் சாயங்காலமே வேற ஆள் போட்டாச்சுங்களே,” என்றார் அந்த மனிதர். வேறு எங்காவது இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று கெஞ்சிவிட்டு வைத்தாள்.

“என்னைய மன்னிச்சுக்க இத்ரீஸு. உங்ககூட நானே பேசியிருக்கணும். எனக்குப் பயமா இருந்துச்சு.”

அவன் தரையைப் பார்த்தபடி தலையசைத்தான். அவள் இன்னும் ஏதாவது சொல்லத் தேடினாள். நான்கு வருடமாகப் பழகாத வாய்க்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

“இனி என்னக்கா பண்றது?” என்றான் மெல்ல.

தவமணி அவசரமாக வாயெடுத்தாள். அப்போதுதான் அவன் காதில் காதுமணி இருப்பதைக் கண்டாள். அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிங்கக்கா... சரிங்கக்கா...” என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.