குலசாமிக்கு விட்ட காய்

வாசற்படியில் வைத்த காய்கறிப் பையிலிருந்து சுரைக்காய் ஒன்று எட்டிப் பார்த்தது. ராமாயிக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"ஏத்தா அகிலா... சுரைக்காய் நம்ம குலசாமிக்கு விட்ட காயி. இந்தக் குடும்பத்துல யாரும் தொடக் கூடாதுன்னு, நீ வாக்கப்பட்டு வந்த அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க அத்தை." மருமகள் அதை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு வங்காளி அக்கா போஸ் பௌதியிடம் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

லேக் கார்டன்ஸில் அந்த வீடே அன்று முறைப்பாகத்தான் இருந்தது. மாமனார் பெத்துராஜின் சித்தப்பா மருதமுத்து, பதின்மூன்று வயதில் கிதிர்ப்பூர் துறைமுகத்தில் தன்னந்தனியாக ரங்கூன் கப்பல் ஏறியவர். அதோடு தகவலே இல்லை. பல வருடங்களாக வேலையெல்லாம் முடித்துவிட்டு போனும் கையுமாக அவரைத் தேடியவள் அகிலாதான். கடைசியில் பத்மஜா கிடைத்தாள். மருதமுத்துவின் மகன் வழிப் பேத்தி என்கிறாள். இன்று மதியம் சாப்பிட வருகிறாள்.

"அவ தாத்தாவுக்கு அப்பா பேரு வேறயாமே," என்றார் பெத்துராஜ். "எவளையோ கூட்டியாந்து சொந்தம்னு நிப்பாட்டுற."

"தனியாப் போற பையனை ஏத்த மாட்டாங்கன்னு, கூட வந்த யாரோ தன் மகன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கார் மாமா. அந்தப் பேரே நிலைச்சிருச்சு."

"கதை நல்லாருக்கு. இவ பொய்னு ஆச்சுன்னா... இந்தத் தேடல் இன்னியோட சரி."

அகிலாவுக்குக் கண் கலங்கியது. அடுப்பு அவளைக் கூப்பிட்டது, போய்விட்டாள்.

பத்மஜா வந்தாள். இலை போட்டார்கள். அகிலா வழக்கம்போல் பரிமாறினாள். அவள் சாப்பிட உட்காரும்போது பாயசம் மிஞ்சியதாகச் சரித்திரம் இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து விருந்தாளி இலையில் மட்டும் கூட்டு வைத்தாள். சுரைக்காய். ராமாயி வாயில் கை வைத்தாள்.

பத்மஜாவின் கை நின்றது.

"தப்பா நினைக்காதீங்கக்கா... ரங்கூன்ல தெருவுக்குத் தெரு சுரைக்காய் பஜ்ஜிதான். எங்க வீட்டுல மட்டும் தொட மாட்டோம். தாத்தா கட்டளை. காரணம் கேட்டா, 'சாமிக்கு விட்டது'ம்பாரு. எந்தச் சாமின்னு சொல்லத் தெரியலை. சின்னப் பிள்ளையா வந்தவருதானே..."

பெத்துராஜ் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். அவள் தலையில் இடது கையை வைத்தார்.

"நான் சொல்றேம்மா எந்தச் சாமின்னு... நீ எனக்கு மக முறை."

"பெரியப்பா..." என்று அவள் அழ, வீடே அழுதது. நல்ல அழுகைதான்.

ராமாயி மட்டும் மருமகளை விடவில்லை. "இந்தக் கூட்டை எந்தச் சட்டியில ஆக்குன?"

"பௌதி அடுப்புல, பௌதி சட்டியில. நம்ம பாத்திரத்துல படவே இல்லை அத்தை."

"காலையில அம்புட்டு வஞ்சேனே... வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"முன்னாடியே சொன்னா, பத்மஜாவுக்கு நான் சொல்லிக்குடுத்ததா மாமா நினைச்சிருப்பார்."

ராமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மருமகளின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். பத்மஜாவுக்குப் புது இலை போட்டு, பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டாள்.

"உக்காருங்க அண்ணி," என்று பத்மஜா கையைப் பிடித்து இழுத்தாள்.

அகிலா உட்கார்ந்தாள். முதல் கரண்டிப் பாயசம் அவள் இலையில் விழுந்தது.