சீத்தாப்பழத்துக்கு ஓர் உரிமம்

செவ்வாயின் மூன்றாம் நிலவறை நகரில் வேலைக்குக் கிளம்பும் எவரும் வாசல் தராசில் ஒரு முறை ஊதிவிட்டுத்தான் போக வேண்டும். மூச்சின் ஈரத்தோடு வீட்டுக் காற்றின் ஈரத்தையும் அது எடைபோடும். அன்று காலை அமலோற்பவம் ஊதியதும் தராசு சிவப்பாக மின்னியது. பங்கீட்டைவிட நாற்பது கிராம் கூடுதல்.

குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வளர்த்த சீத்தாச் செடிதான் காரணம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பூமியிலிருந்து வந்த கடைசிக் கப்பலில், ஒரு கம்பளியின் மடிப்பில் சிக்கியிருந்த ஒற்றை விதை அது. அதன் மேலோட்டைச் சுரண்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றினாள். முப்பத்தோராம் நாள் முளைத்தது. தன் குடிநீரில் பாதியை அதற்கு ஊற்றினாள். வண்டுகளே இல்லாத ஊரில், தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டுப் பூவுக்குப் பூ தடவினாள். ஒரே ஒரு காய்தான் பிடித்தது. நேற்றுப் பழுத்தது.

ஈரக்காவலர் வில்வநாதன் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார். வாசனை அவரை நேரே சுவருக்குக் கூட்டிப்போயிற்று.

"என்னம்மா இது? உரிமம் இல்லாத செடியா?"

"பழத்துக்காக வளர்த்தேன் சார்."

"பழம்னா?"

அவர் இங்கேயே பிறந்தவர். உணவுக் கட்டிகளைத் தவிர வேறெதையும் தின்றதில்லை. செடியை வேரோடு பிடுங்கிப் பிழிபொறியில் திணித்தார். இரண்டு குவளை நீரும் ஒரு பிடித் தூளும் மிஞ்சின. அமலோற்பவம் முன்பே பறித்து வைத்திருந்த பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதையாவது விட்டுடுங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன்."

"உணவுன்னு நகரசபை ஒத்துக்கிட்டா உரிமமே தருவாங்க. ஒத்துக்கலேன்னா தண்டனையா நீங்க மேல்தளச் சுரங்கத்துக்குப் போகணும். சட்டம் அப்படி."

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சபைக்குள் அனுமதி இல்லை. சபை வாசல்வரை அவளும் கூடப் போனாள்; அங்கே பழத்தை வாங்கிக்கொண்டு அவர் மட்டும் உள்ளே போனார்.

"சார், உள்ளே இருக்கிற விதையை மட்டும்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

ஒரு மணி நேரம். தட்டிப் பார்த்தாள், யாரும் திறக்கவில்லை. பிறகு உள்ளே சிரிப்புச் சத்தம். வில்வநாதன் விரலைச் சப்பிக்கொண்டே வெளியே வந்தார்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா! ஏழு பேரும் கை தூக்கிட்டாங்க. தலைவியம்மா அழுதேவிட்டாங்க. நூறு செடிக்கு உரிமம்!"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "விதைகளைக் கொடுங்க சார்."

"விதையா?"

"கறுப்பா, வழவழன்னு இருக்குமே..."

"ஓ, அதுவா? பல்லுல இடறிக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் துப்பி எரிகுழாயில போட்டுட்டோம்."

உரிமத்தை அவள் கையில் வைத்து, கடைசி வரியைச் சுட்டிக்காட்டினார்.

"ஒரே ஒரு நிபந்தனைதான். அடுத்த பழத்துல அந்த விதை இருக்கவே கூடாதாம்."