வலையில் மாட்டிய மீசை மாமா

சுண்டு வீட்டு மீன்தொட்டியில் எல்லா மீனுக்கும் வால் உண்டு, துடுப்பு உண்டு. மீசை இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். அதனால் அவரை யாரும் 'அது' என்று சொல்வதில்லை. மீசை மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

மாமா பிளெக்கோ என்ற வகை மீன். உடம்பெல்லாம் கரடுமுரடான கவசம், அடிப்பக்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் வாய். மீன் வாங்கப் போன அன்று கடைக்காரர் முதலில் வேறொரு பிளெக்கோவைக் காட்டினார்.

"இது நல்லா பாசி திங்கும். ஆனா கை நீளத்துக்கு வளரும்."

"எங்க தொட்டியே அவ்வளவுதான் இருக்கு. அப்புறம் அது எப்படித் திரும்பும்?" என்று சுண்டு கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டு, உள்ளங்கைக்கு மேல் வளராத மீசை மாமாவை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று காலை மேலே தூக்கினாள்.

"யாருடி தண்ணிய கொட்டினது?"

யாரும் கொட்டவில்லை. தொட்டியின் மூலையில் ஒட்டு விட்டிருந்தது. தண்ணீர் மேசைக் காலில் வழிந்து, தைத்து வைத்த துணிகளை நோக்கி ஓடியது.

"யாரும் தண்ணியில கால் வைக்காதீங்க!" என்று கத்திய அப்பா, முதலில் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு பக்கெட்டில் நிரப்பினார். அக்கா வலையை எடுத்தாள். சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டு, பக்கெட்டில் பொத்தென்று விழுந்தன.

கடைசியாக மாமா. மரக்கட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தவரை அக்கா அவசரமாக அள்ளினாள். வலையைப் பக்கெட்டின் மேல் கவிழ்த்தாள்.

மாமா விழவில்லை.

பயத்தில் துடுப்புகளை எல்லாம் விரித்துவிட்டார். ஒவ்வொரு துடுப்பின் முன்னாலும் ஒரு தடித்த முள். கன்னத்தில் வேறு குட்டி முட்கள். எல்லாம் வலைக் கண்ணிகளில் மாட்டிக்கொண்டன. அக்கா உதறினாள். இன்னும் இறுகியது.

"இங்க குடு, வாலைப் பிடிச்சு இழுத்துடலாம்" என்று அப்பா கை வைத்தார்.

அவர் விரல் பட்டதும் மாமாவின் முட்கள் மேலும் விறைத்ததைச் சுண்டு பார்த்துவிட்டாள்.

"இழுக்காதீங்கப்பா! தொடத் தொட முள்ளை விரிக்கிறார். இழுத்தா துடுப்பு கிழிஞ்சிடும்!"

"அதுக்காக வலையோடவா விட முடியும்?"

"ஆமா, வலையோடவே பக்கெட்டுல இறக்குங்க. முதல்ல அவர் பயம் போகட்டும்."

வலை தண்ணீருக்குள் இறங்கியது. சுண்டு ஒரு துண்டைக் கொண்டுவந்து பக்கெட்டை மூடி இருட்டாக்கினாள். தொட்டியில் இப்போது கூழாங்கற்களும் மரக்கட்டையும் மட்டும்தான் மிச்சம்.

"நான்தான் அவரைக் கொன்னுட்டேன்" என்று அக்கா அழ ஆரம்பித்தாள்.

"வாயைக் கழுவு! இன்னும் மூச்சு விடுறார்" என்று அம்மா அதட்டினாள்.

துண்டைத் தூக்கிப் பார்த்தபோது முதுகுத் துடுப்பு மடங்கி, வலையிலிருந்து விடுபட்டிருந்தது. ஆனால் பக்கவாட்டு முட்கள் இரண்டும் கன்னமும் அப்படியே மாட்டியிருந்தன. சுண்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, உன் நூல் வெட்டுற கத்தரி வேணும்."

"அதுல காகிதம் வெட்டினாலே எனக்குப் பொறுக்காது. இப்ப மீன் வலை வேறயா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா கத்தரியை நன்றாகக் கழுவி அவள் கையில் வைத்துவிட்டாள்.

"அக்கா, நீ வலையை ஆடாம பிடிச்சுக்கோ."

"நான் வேணாம்டி. என் கை நடுங்குது."

"பக்கெட் விளிம்புல கையை ஊனிக்கோ. நீ பிடிச்சாத்தான் என்னால வெட்ட முடியும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தாள். சுண்டு முள்ளை நெருங்கவில்லை. சற்றுத் தள்ளி, ஒவ்வொரு இழையாக வெட்டினாள். மாமா ஒருமுறை துள்ளினார். உடனே கத்தரியை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு மறுபடி வெட்டினாள். கழுத்து வலித்தது. மூக்கு அரித்தது. சொறியவில்லை.

கடைசி இழை அறுந்ததும் மாமா கல் மாதிரி அடியில் போய் விழுந்தார். அசையவே இல்லை.

"சுண்டு..." என்றாள் அக்கா.

சுண்டு பக்கெட்டுக்குள் குனிந்து பார்த்தாள்.

மாமாவின் மீசை லேசாக ஆடியது. மெல்ல நகர்ந்து போய்ப் பக்கெட்டின் சுவரில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டார். இடது முள்ளில் மட்டும் ஒரு துண்டு நூல் தொங்கியது. அக்கா கையை நீட்டினாள்.

"வேணாம்க்கா. அவரா முள்ளை மடக்கினா நூல் தானா கழண்டிடும்."

அப்பா தரையைத் துடைத்து மின்சாரத்தைப் போட்டுவிட்டு, காற்றுக் குழாயைப் பக்கெட்டுக்குள் விட்டார். நாளைக்கே புதுத் தொட்டி வாங்கிவிடலாம் என்றார். அம்மா கத்தரியைத் துடைத்து ஒரு துணியில் வெட்டிப் பார்த்து, மழுங்கவில்லை என்று திருப்திப்பட்டாள். அக்கா மட்டும் பக்கெட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மதியம் சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

சாயங்காலம் அந்த நூல் தண்ணீரில் தனியே மிதந்தது. சுண்டு ஒரு வெள்ளரித் துண்டைக் கரண்டியில் கட்டி உள்ளே இறக்கினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

மாமா சுவரை விட்டு இறங்கினார். வெள்ளரியைச் சுற்றி ஒரு நடை போனார். பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்து சுரண்டித் தின்ன ஆரம்பித்தார்.

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பசிக்குது!"