குக்ரி உறையில் நான்கு கோடுகள்!

"ஐயோ... ரத்தம்!"

காலை ஒன்பது பத்து. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் அந்த அமைதியான தெருவில் எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அலறியது குமுதினி. வயது ஐம்பத்தைந்து. பழம்பொருள் ஏலக்கூடத்தின் முதலாளி. ஒலிபெருக்கி இல்லாமலே ஏலம் விடக்கூடிய குரல்!

பின்னறையிலிருந்து ஓடி வந்தாள் நிலக்சி. இருபத்தேழு வயது. பொருட்களை வகை பிரித்துப் பட்டியல் எழுதுவது அவளுடைய வேலை.

"என்னக்கா... என்ன நடந்தது?"

"பார் பிள்ளை! அங்க பார்!"

கண்ணாடி அலுமாரி திறந்து கிடந்தது. உள்ளே ஐந்து நேபாளக் குக்ரிகள் இருக்க வேண்டும். வளைந்த கத்திகள், இறந்துபோன ஒரு பல் டாக்டரின் சேகரிப்பு.

இப்போது அங்கே மூன்றுதான் இருந்தன.

நான்காவது, மேசை மேல் பாதி உருவிய நிலையில் கிடந்தது. அதன் தோல் உறையில் ரத்தம்!

ஐந்தாவது...?

"வெள்ளி உறை போட்டதைக் காணேல்லை! பன்ரெண்டு மணிக்கு மியூசியக்காரர் வாங்க வருகினம். அலுமாரித் திறப்பு ஆரிட்ட இருக்கு?"

நிலக்சி தன் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினாள்.

"என்னட்டத்தான் அக்கா..."

குமுதினியின் பார்வை மாறியது.

நிலக்சிக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசி நாள் அன்றுதான். மாலையில் நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இப்போது கையில் பேனா வருமா, விலங்கு வருமா?

*

பதினான்காவது நிமிடத்தில் வந்து இறங்கினான் பொலிஸ் கொமிஸார் சேயோன். ஜெர்மனியிலேயே பிறந்தவன். பேசும் யாழ்ப்பாணத் தமிழ், அம்மாவின் உபயம். வாயில் பாதிப் பாண் இன்னும் இருந்தது.

"பிணம் எங்க?"

"பிணம் இல்லைத் தம்பி."

"போனில ரத்தம் எண்டு கத்தினீங்கள்?"

"ரத்தம் கிடக்கு. ஆள்தான் இல்லை!"

சேயோன் பாணை விழுங்கினான். முகத்தில் லேசான ஏமாற்றம்.

"சரி... போனது எந்தக் கத்தி? எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு?"

அவ்வளவுதான். பயத்தை மறந்து பொங்கிவிட்டாள் நிலக்சி. ஆறு மாதமாக அவள் அந்தக் கத்திகளோடுதான் குடும்பம் நடத்துகிறாள்.

"ஒரே மாதிரியா? கண்ணைத் திறந்து பாருங்கோ! இந்த ஒல்லியானது சிருபாத்தே. புல்லுக் கணக்கா மெலிஞ்சிருக்கு. மேசையில கிடக்கிறது போஜ்பூரே. வயிறு அகலம், தடிப்பு, காட்டுவேலைக்கு. அலுமாரியில இருக்கிற இதின்ர முதுகில ஒரு பள்ளம் ஓடுது, தெரியுதோ? இது அங்கோலா."

"காணாமப் போனது?"

"கோதிமோடா. உறைக்கு வெள்ளி வேலைப்பாடு. வெட்டுறதுக்கு இல்லை, மரியாதைக்குக் குடுக்கிறது."

"அதுதான் எல்லாத்திலயும் விலை கூட!" என்று மூக்கை உறிஞ்சினாள் குமுதினி. "நூற்றைம்பது வருசப் பழசு எண்டு நிபுணர் ரஜிதன் சான்றிதழே தந்தவர்."

"இல்லையக்கா." நிலக்சியின் குரல் இறங்கியது. "விடிய வந்து உங்களிட்டச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அது புதுசு. சுற்றுலாக்காரருக்குச் செய்து விக்கிறது."

"என்ன விசர்க் கதை?"

"குக்ரி உறையில ரெண்டு குட்டிக் கத்தி செருகியிருக்கும். ஒண்டு கூர், சின்ன வேலைக்கு. மற்றது மொட்டை, தீட்டுறதுக்கு. அந்த வெள்ளியில இருந்த ரெண்டும் மொட்டை. வெண்ணெய்கூட வெட்டாது! பாக்கிறதுக்கு மட்டும் செய்திருக்கு."

"அப்ப உண்மையில விலை கூடினது எது?" சேயோன் குறிப்பேட்டைத் திறந்தான்.

நிலக்சி அலுமாரியின் மூலையைக் காட்டினாள். கறுத்து, மெலிந்து, அளவுக்கு மீறி வளைந்த ஒரு கத்தி.

"ஹன்ஷீ. மிச்சம் எல்லாத்துக்கும் மூத்த வகை. இருநூறு வருசம் இருக்கும்."

குமுதினி நெஞ்சில் கை வைத்தாள்.

"கடவுளே... அதாலதானே நான் இவ்வளவு நாளும் பார்சல் பெட்டி வெட்டினனான்!"

சேயோன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"கொமிஸார்... என்ர பட்டியலில இதெல்லாம் எழுதிக் கிடக்கு. களவெடுக்கிறதெண்டா நான் எதை எடுப்பன்? பளபளப்பையா, பழசையா?"

"நல்ல கேள்வி. அப்ப வந்தவனுக்குக் குக்ரியைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"ஓம். அதுக்கு இன்னொரு சாட்சியும் கிடக்கு. இந்த ரத்தத்தைப் பாருங்கோ!"

குனிந்தார்கள். போஜ்பூரேயின் உறையில், கூர் படும் பக்கத்துத் தையலில் நான்கு சிவப்புக் கோடுகள். வரிசையாக... பக்கத்துப் பக்கத்தில்!

"நாலு விரல்!" என்றான் சேயோன்.

"அதேதான்! உறையை இடது கையால பொத்திப் பிடிச்சு இழுத்திருக்கினம். குக்ரி வளைஞ்சு வாறதால கூர் தையலைப் பிரிச்சுக்கொண்டு வெளியில வந்திடும். விரல் எல்லாம் அங்கதான் இருக்கும்! உறையின்ர முதுகுப் பக்கத்தைத்தான் பிடிக்கோணும். நேபாளத்தில சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும்."

"ஆரும் அசையாதேங்கோ. இடது கையைக் காட்டுங்கோ!"

நிலக்சியின் விரல்களில் மை. குமுதினியின் விரல்களில் மூன்று மோதிரம். கீறல் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

*

"வணக்கம் குமுதினி அக்கா. மியூசியக்காரர் வந்திட்டினமோ?"

ரஜிதன். ஐம்பது வயது. கழுத்துப்பட்டி, வாசனைத் திரவியம், வெண்ணிறப் பருத்திக் கையுறைகள். 'முப்பது வருட ஆயுத நிபுணர்' என்று அவருடைய விசிட்டிங் கார்டு சொல்லும். அவரும் சொல்வார்... கேட்காதவர்களிடமும்!

விஷயத்தைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார்.

"பெரிய நட்டம்... சரித்திரப் பொருள்! இதில யோசிக்க என்ன இருக்கு கொமிஸார்? திறப்பு ஆரிட்ட இருந்ததோ அவவைத்தான் கேக்கோணும்."

நிலக்சிக்குக் கண் கலங்கியது. ரஜிதன் அண்ணை, அண்ணை என்று எவ்வளவு மரியாதையாகப் பழகியிருக்கிறாள்!

சேயோனின் கண்கள் அந்த வெள்ளைக் கையுறைகளில் நின்றன.

"திறப்பு இவவிட்ட மட்டும்தானோ அக்கா இருந்தது?"

குமுதினி யோசித்தாள்.

"கடைத் திறப்பையும் அலுமாரித் திறப்பையும் இவரிட்டயும் ரெண்டு கிழமை குடுத்து வச்சனான், சான்றிதழ் எழுத. பிறகு திருப்பித் தந்திட்டார்."

"பதினாலு நாள்!" சேயோன் தலையாட்டினான். அங்கோலாவை எடுத்து நீட்டினான். "நிபுணர் ஐயா... குக்ரியை எப்பிடி உருவுறது எண்டு ஒருக்கா காட்டுங்கோவன். எனக்கு இதெல்லாம் புதுசு."

முப்பது வருட நிபுணர் பின்வாங்க முடியுமா? கத்தியை வாங்கினார். இடது கையால் உறையைப் பொத்திப் பிடித்தார். நான்கு விரல்களும் கச்சிதமாகக் கூர் பக்கம்!

"நிப்பாட்டுங்கோ!" நிலக்சி கத்தினாள். "உப்பிடிப் பிடிச்சா விரல் போயிடும் அண்ணை!"

"சும்மா இரும் பிள்ளை. அது மற்ற உறை வெடிச்சிருந்தபடியால்தான்..."

நிறுத்தினார். மிகத் தாமதமாக நிறுத்தினார்!

கத்தி இன்னும் உறைக்குள்தான். ஆனால் வெள்ளைக் கையுறையில் ஒரு சிவப்புப் பொட்டு. பிறகு இரண்டாவது. மூன்றாவது. நான்காவது...

"மற்ற உறையோ?" சேயோன் இனிமையாகக் கேட்டான். "எந்த உறை ஐயா?"

ரஜிதன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கு ஆசைப்பட்டிருக்கிறார்," என்று விலங்கை எடுத்தான் சேயோன். "பாவம், அது புதுசு எண்டு தெரியாமல்."

"இல்லை கொமிஸார்..." நிலக்சி மெதுவாகச் சொன்னாள். இப்போதுதான் அவளுக்கே எல்லாம் விளங்கியது. "தெரிஞ்சுதான் எடுத்திருக்கிறார்!"

"என்ன?"

"நேற்றுப் பின்னேரம் நான்தான் இவருக்குப் போன் பண்ணினனான். குட்டிக் கத்தி ரெண்டும் மொட்டை, உங்கட சான்றிதழ் பிழை, மியூசியக்காரர் வரமுதல் மாத்தி எழுதித் தாங்கோ எண்டு. அண்ணையின்ர மரியாதை கெடக்கூடாதெண்டு அக்காவிட்டக்கூட நேற்றுச் சொல்லேல்லை."

குமுதினி வாயைப் பிளந்தாள்.

"அப்ப... ஒரு சதத்துக்கும் பெறாத சாமான் எண்டு தெரிஞ்சு களவெடுத்தவரோ?"

"பெறாத சாமான் எண்டபடியால்தான் அக்கா! மியூசியக்காரர் கண்டால் சான்றிதழ் கிழிஞ்சிடும். கத்தி காணாமப் போனால், அது எண்டைக்கும் நூற்றைம்பது வருசப் பழசுதான்!"

ரஜிதன் தலையைத் தொங்கப் போட்டார்.

"திறப்புக்கு நகல் அடிச்சு வச்சிருந்தனான்," என்று முனகினார். "விடிய வந்து பாத்தன். பிள்ளை சொன்னது சரியோ எண்டு மற்றதோட ஒப்பிட்டுப் பாக்கத்தான் அந்தத் தடிச்சதை உருவினன். அது கையைக் கடிச்சுப்போட்டுது. வெள்ளி காருக்குள்ள கிடக்கு."

"பழியை என்னில போட்டீங்களே அண்ணை!" நிலக்சி அவர் முன்னால் வந்து நின்றாள்.

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

*

பன்னிரண்டு மணிக்கு மியூசியக்காரர்கள் வந்தார்கள். காரிலிருந்து மீண்ட வெள்ளியை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹன்ஷீயின் முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். முனையில் ஒட்டியிருந்த பார்சல் டேப்பைப் பற்றி மட்டும் குமுதினி வாயைத் திறக்கவில்லை!

அவர்கள் போனதும் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தாள்.

"இதில போடு பிள்ளை கையெழுத்தை. மாலை வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. விடிய உன்னை ஒரு மாதிரிப் பாத்ததுக்கு மன்னிச்சுக்கொள்."

நிலக்சி ஒரே மூச்சில் கையெழுத்திட்டாள். சந்தோஷத்தில் பெயரின் கடைசி எழுத்து தாளுக்கு வெளியே போனது.

வாக்குமூலம் வாங்கத் திரும்பி வந்திருந்த சேயோன் அலுமாரியை எட்டிப் பார்த்தான்.

"நான் ஒண்டை உருவிப் பாக்கட்டோ? இப்ப எனக்கு எல்லாம் தெரியும்தானே!"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அலுமாரியைச் சாத்தினார்கள்.

"நிலக்சி," என்றாள் குமுதினி, "கண்ணாடியில ஒட்ட ஒரு அறிவித்தல் எழுது. 'பொதுமக்கள் தொட்டுப் பார்க்கலாம். நிபுணர்கள் மட்டும் தள்ளி நிற்கவும்!'"