சர்டிபிகேட்டில் ஒரு குரல்!

ட்ரிங்... ட்ரிங்...

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நஸீப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

எதிரே சுதேஷ். கல் புரோக்கர். முகத்தில் சிரிப்பு... உள்ளங்கையில் வியர்வை!

நடுமேசையில் ஒரு நீலக்கல். பக்கத்தில் அதற்கான லேப் சர்டிபிகேட். அதற்கும் பக்கத்தில் ஆஸியாவின் நகைப்பெட்டி.

மனைவி ஆஸியா மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருடம். மகன் கனடாவில். திகனவின் அந்தப் பெரிய வீட்டில் நஸீப் இருமினால்கூட ஏனென்று கேட்க ஆளில்லை. மனைவியின் நகையைக் கொடுத்து இந்தக் கல்லை வாங்கினால், மூடிய கடையை மறுபடி திறக்கலாம். கடை என்றிருந்தால் நாலு பேர் வருவார்கள், பேசுவார்கள். கல் பொய்யானால்... ஆஸியாவின் கடைசி அடையாளமும் போச்சு!

"வணக்கம், கொழும்பு ஜெம் லேப்."

அந்தக் குரல்!

"மகள்... நான் நஸீப்."

"நஸீப் சேரா? சாப்பிட்டீங்களா?"



போன மாதம்தான் சுதேஷ் சர்டிபிகேட்டின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனான். 'லேப் போன் நம்பர் அதுலயே இருக்கு நானா. நீங்களே அடிச்சுக் கேளுங்க!' அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஊரெல்லாம் பூட்டு. தனிமை தாங்காமல் அந்த நம்பரை அடித்தார். அன்றிலிருந்து தினமும் ஒரு சாக்கு. எடை என்ன மகள்? நிறம் என்ன மகள்? அவளும் சலிக்கவில்லை. முதல் கேள்வி எப்போதும் சாப்பாடுதான்.

"இன்னும் இல்ல மகள். அந்த நீலக்கல்லு... சூடு காட்டி நிறம் ஏத்தாததுதானே?"

"நூத்துக்கு நூறு சேர்! நம்பி வாங்குங்க!"

"லேப்பே சொல்லிருச்சு! இன்னும் என்ன யோசனை நானா? பெட்டிய தாங்க!" சுதேஷ் கையை நீட்டினான்.

அப்போது...

வீதியில் ரொட்டி விற்கும் பாண் த்ரீவீலர் வந்தது. ஊரே அறிந்த அந்த மெட்டு.

அதே மெட்டு... போனுக்குள்ளும் கேட்டது!

சுதேஷின் சிரிப்பு செத்தது.

"கொழும்பு லேப்புக்கும் நம்ம பாண்காரன்தானா தம்பி?" நஸீப் மெல்லக் கேட்டார்.

"அது... அங்கயும் பாண் விப்பாங்கதானே நானா..."

"ஒரே நேரத்துலயா?"

போன் வெட்டுப்பட்டது. வீட்டு கேட்டுக்கு வெளியே, சுதேஷ் வந்த கறுப்புக் கண்ணாடி வான் வண்டிக்குள் ஒரு பெண்ணின் அலறல்!

சுதேஷ் நகைப்பெட்டியைப் பறித்துக்கொண்டு பாய்ந்தான். வாசலில் யாரோ மீது மோதினான். பாண் த்ரீவீலரிலிருந்து இறங்கி வந்த இன்ஸ்பெக்டர்!

பெட்டி விழுந்து திறந்தது. உள்ளே... முற்றத்துச் சரளைக்கல்!

"அதுக்கு சர்டிபிகேட் இல்ல தம்பி," என்றார் நஸீப். "ஆனா ஒரிஜினல்."

சுதேஷுக்கு விலங்கு மாட்டிவிட்டு இன்ஸ்பெக்டர் நஸீப் பக்கம் திரும்பினார். "பாண் பாட்டு போன்லயும் கேட்டா, பேசுறவ பக்கத்து வான்லதான்னு பிடிக்கிற யோசனை அருமை நானா. ஆனா இவங்க கள்ளர்னு எப்பத் தெரிஞ்சிச்சு?"

"மொதல் நாளே, சேர்."

"என்னது!"

"போயா அண்டைக்கு எந்த லேப் திறந்திருக்கும்? மணி அடிக்கிற சத்தத்தயாவது கேப்போம்னுதான் அடிச்சேன். எடுத்துட்டாளே! அடுத்த நாள் நானே லேப்போட சரியான போன் நம்பரத் தேடிக் கேட்டேன். அந்த சர்டிபிகேட் வேற ஒரு செவப்புக் கல்லோடது. லேப்காரங்க கல்லப் பத்தித்தான் சொல்லுவாங்க சேர். வாங்குங்கன்னு சொல்லமாட்டாங்க."

"அப்ப ஒரு மாசமா ஏன் எங்களுக்குச் சொல்லல?"

நஸீப் தரையைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்க... வேற ஆள் இல்லயே சேர். நேத்துத்தான், அடுத்த தெரு மஸீனா டீச்சருக்கும் இதே நம்பரக் குடுத்திருக்கான்னு கேள்விப்பட்டேன். அவவும் தனியத்தான் இருக்கா. அதுக்குப் பொறகு சும்மா இருக்க மனசு வரல்ல."

வானிலிருந்து அந்தப் பெண்ணை இறக்கி ஜீப்புக்குக் கொண்டுபோனார்கள். சின்னப் பெண். நஸீபைக் கண்டதும் நின்றாள்.

"போய்ச் சாப்பிடுங்க சேர்..."

அதே குரல். நஸீபுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"இப்ப சொன்னது உண்மையா, பொய்யா சேர்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கல்லுன்னா பரவால்ல... இத எந்த லேப்புக்கு அனுப்புறது நானா!"